சுமையின் வலியும் சொல்லின் வலியும்

மயிலிறகினும் மெல்லிய பொருளை எண்ணுவது அரிது. ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அதுவும் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்று வள்ளுவர் எச்சரித்தார். வலியறிதல் என்னும் அதிகாரம் அரசனுக்குப் போர்நெறி உணர்த்துவது. ஆனால் அங்கே அவர் கையாண்ட உவமை, வண்டி ஓட்டுபவனின் அன்றாட அனுபவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் செயலின் வலிமை, செய்பவனின் வலிமை, எதிர்த்து நிற்பதன் வலிமை, துணை நிற்பதன் வலிமை என்னும் நான்கையும் ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்கிறார். படை நடத்துவோர்க்குச் சொன்ன இந்நெறி, பாரம் தூக்குவோர்க்கும் அப்படியே பொருந்துகிறது.

சிராங்கூன் சாலைக்கு இவ்வுவமை புதிதன்று. தேக்கா வட்டாரத்தின் மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைக் கொட்டில் என்பது அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வணிகம் செழித்தது. தமிழர் பலர் அதில் ஈடுபட்டிருந்தனர். பஃபலோ சாலை என்னும் பெயர் அந்நாளின் நினைவாக இன்றும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் இதே சாலைகளில் நிறைந்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், திருவாரூர் என்று ஊர்ப்பெயர்கள் காதில் விழும். அவர்களுள் பலர் மறுநாள் விடியுமுன்னே ஜூரோங்குக்கும் துவாஸுக்கும் சுங்கை காடுட்டுக்கும் புறப்படுவர். அங்கே இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் தொட்டிகளும் தூண்களும் கப்பலின் பகுதிகளும் ஆக்குகின்றனர். மாட்டு வண்டி போய்ப் பாரந்தூக்கி வந்துவிட்டது. அச்சு முறியும் ஆபத்து மட்டும் போகவில்லை.

இத்தொழிலில் உயிரைக் காப்பது எது? தலைக்கவசமும் காலணியும் வேண்டியவையே. ஆனால் 2 டன் இரும்பு விழும்போது தலைக்கவசம் என்ன செய்யும்? சுமை விழாமல் காப்பது கணக்கு. அந்தக் கணக்கை ஒருவர்க்கொருவர் உணர்த்துவது மொழி. இவ்விரண்டையும் பற்றியே இக்கட்டுரை ஆராய்கிறது.

விபத்து எழுதிய சட்டம்

சிங்கப்பூரின் பாதுகாப்புச் சட்டங்கள் துயரத்தின் விளைவாகத் திருந்தியவை. 1978 அக்டோபர் 12ஆம் நாள் ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தபோது வெடித்தது. 76 பேர் மாண்டனர். தூக்கும் பணியால் நேர்ந்தது அன்று அது. எரியும் ஆவி நிறைந்த தொட்டியருகே இரும்பு வெட்டும் பணி நடந்ததால் நேர்ந்தது. ஆயினும் இரும்புத் தொழிலில் ஒரு கணத்தின் கவனக்குறைவு எத்தனை குடும்பங்களைக் கலைக்கும் என்பதை இந்நாடு அன்று உணர்ந்தது.

2004ஆம் ஆண்டு மீண்டும் துயரம் தொடர்ந்தது. ஏப்ரல் 20ஆம் நாள் நிக்கல் நெடுஞ்சாலையருகே சுரங்க ரயில் பணியிடம் இடிந்து நால்வர் இறந்தனர். ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத்தில் இரும்புக் கம்பிக் கூண்டு சரிந்து இருவர் இறந்தனர். மே 29ஆம் நாள் கப்பல் பட்டறை ஒன்றில் நிகழ்ந்த தீவிபத்தில் எழுவர் மாண்டனர். அவ்வாண்டில் 1,00,000 ஊழியர்க்கு 4.9 பேர் என்ற விகிதத்தில் வேலையிட மரணம் இருந்தது. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. விபத்து நேர்ந்த பின் தண்டிப்பதோடு நில்லாமல், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு நீக்கும் கடமையை அது முதலாளி முதல் ஊழியர் வரை அனைவர்மீதும் வைத்தது.

பலன் கிடைத்தது. 2023இல் மரண விகிதம் 0.99 ஆயிற்று, இறந்தோர் 36 பேர். 2024இல் அத்தொகை மீண்டும் 43 ஆக உயர்ந்தது. வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுதல், கட்டமைப்புகளும் கருவிகளும் சரிதல் அல்லது உடைதல் ஆகியவை முதன்மைக் காரணங்களாயின. விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் இறந்தவனின் வீட்டில் விகிதம் என்ற ஒன்று இல்லை.

சுமையின் எடை

முதலாவது, செயலின் வலிமை. தூக்கப்போகும் பொருளின் எடை என்ன? கண்ணால் பார்த்து மதிப்பிடுவது நம் வழக்கம். நெல் மூட்டைக்கும் மரக்கட்டைக்கும் பழகிய கண் இரும்பிடம் ஏமாந்துவிடும். இரும்பு தண்ணீரைப் போல் ஏறக்குறைய 8 மடங்கு கனமானது. 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள உருக்குத் தகட்டின் எடை 7.85 கிலோ. இந்த ஒரே எண்ணை நினைவில் வைத்தால் எந்தத் தகட்டின் எடையையும் சொல்லிவிடலாம்.

6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். 12ஐ 25ஆல் பெருக்கி, அதனை 7.85ஆல் பெருக்கினால் 2,355 கிலோ. பார்வைக்கு மெல்லியதாகத் தோன்றும் பலகை, ஒரு சிற்றுந்தினும் கனமாக இருக்கிறது! உயர்தொடக்கப் பள்ளி மாணவன் போடக்கூடிய பெருக்கல்தான் இது. இதனைப் போடாமையால்தான் 2 டன் வாரில் இரண்டேகால் டன்னுக்கு மேற்பட்ட சுமை தொங்குகிறது.

கணக்கில் வாராத எடையும் உண்டு. தொட்டியின் அடியில் தேங்கிய மழைநீர், பிற்பாடு பற்றவைத்த தாங்குபட்டைகள், உள்ளே மறந்துவைத்த கருவிகள் எல்லாம் எடையே. இன்னும் கொடியது, கீழே ஒரு முனை பற்றவைப்பில் ஒட்டியிருப்பதை அறியாமல் தூக்குவது. அப்போது பாரந்தூக்கி சுமையைத் தூக்கவில்லை. தரையையே பிடுங்க முயல்கிறது. ஒட்டு விடும் கணத்தில் சுமை துள்ளும். கயிறு அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

பாரந்தூக்கியின் கை

இரண்டாவது, செய்பவனின் வலிமை. ‘இது 10 டன் கிரேன்’ என்று சொல்வது பாதி உண்மை. எவ்வளவு தொலைவில் 10 டன் என்பது மீதிப் பாதி. நம் ஊர் ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். துலாவின் நீளமான பக்கத்தில் நிற்பவன் சிறிது நகர்ந்தாலும் மறுமுனையின் நிலை மாறிவிடும். பாரந்தூக்கியும் அத்தகைய நெம்புகோலே. 3 மீட்டர் தொலைவில் 10 டன் தூக்கும் வண்டி, கையை 10 மீட்டர் நீட்டினால் 3 டன்னுக்கு மேல் தூக்க இயலாது. நீட்டிய கையின் சொந்த எடையும் சேர்வதால் உண்மை அளவு அதனினும் குறையும். ஆகவே ஒவ்வொரு தொலைவுக்கும் உரிய எடையைக் காட்டும் அட்டவணை ஓட்டுநர் அறையில் இருத்தல் வேண்டும்.

நிற்கும் நிலமும் வலிமையின் பகுதியே. பக்கக் கால்களை முழுதும் நீட்டாமலோ, மழையில் நனைந்த மண்மீதோ, சாக்கடை மூடிமீதோ ஊன்றினால், இயந்திரம் எவ்வளவு வலிமையுடையதாயினும் கவிழும். காலின் கீழ் அகன்ற பலகையோ தகடோ இட்டு எடையைப் பரப்புவது இதனால்தான். சேற்றில் நடக்கும்போது பலகை போட்டு நடந்த உழவர் மரபுக்கு இந்த நுட்பம் தெரியும்.

நிலத்தின் ஈர்ப்பு

மூன்றாவது, எதிர்த்து நிற்பதன் வலிமை. இங்கே எதிரி நிலத்தின் ஈர்ப்பு. அது ஒரு கணமும் உறங்குவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதுபோல் நடந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு. அதனை ஈர்ப்பு மையம் என்கிறோம். கொக்கி அந்த மையத்திற்கு நேர் மேலே நின்றால் சுமை சமமாக எழும். சற்று விலகி நின்றால், மையம் கொக்கியின் கீழ் வந்து சேரும்வரை சுமை சாயும், ஊசலாடும். கயிறு ஒரு பக்கம் தளர்ந்து நழுவும்.

நீளமான குழாயின் மையத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு முனையில் கனத்த வளையம் பற்றவைத்த குழாயில் மையம் அம்முனை நோக்கி நகர்ந்திருக்கும். வளைந்த சட்டத்தில் மையம் இரும்பே இல்லாத வெற்றிடத்திலும் இருக்கக்கூடும். ஆகவே நல்ல பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி நிறுத்துவர். சுமை சமமாக இருக்கிறதா, கட்டு இறுகியிருக்கிறதா, கால் அமிழ்கிறதா என்று பார்ப்பர். குறை இருந்தால் இறக்கிவிட்டு மீண்டும் கட்டுவர். ஒரு சாணிலிருந்து விழுந்தால் ஓசை மட்டும் எழும். பத்து மீட்டரிலிருந்து விழுந்தால் பிணம் எழும். எனவே தொங்கும் சுமையின் கீழ் ஒருவரும் நிற்றல் கூடாது. சுமையைத் திருப்பக் கையை வைக்காமல், முனையில் கட்டிய வழிக்கயிற்றைப் பிடித்துத் தொலைவில் நிற்றல் வேண்டும்.

கயிற்றின் கோணம்

நான்காவது, துணை நிற்பதன் வலிமை. கொக்கிக்கும் சுமைக்கும் நடுவே நிற்கும் கம்பிக்கயிறு, சங்கிலி, துணிவார் ஆகியவையே அத்துணை. பெரும்பாலோர் அறியாத உண்மை ஒன்று இங்கே மறைந்திருக்கிறது.

தண்ணீர் நிறைந்த வாளியை இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்குவதை நினையுங்கள். நெருங்கி நடந்தால் கை வலிக்காது. விலகி நடக்க நடக்க, தண்ணீர் அதே அளவாயினும் தோள் கழன்றுவிடும்போல் இழுக்கும். காரணம், கை சாயும்போது எடையைத் தாங்குவதோடு ஒருவரை ஒருவர் இழுக்கவும் வேண்டியிருக்கிறது. வாரின் இரண்டு கால்களும் அவ்வாறே இழுபடுகின்றன.

10 டன் சுமையை இரண்டு கால்களில் தூக்குவதாகக் கொள்வோம். கால்கள் நேர் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றும் 5 டன் தாங்கும். கிடைக்கோட்டோடு 60 பாகைக் கோணத்தில் இருந்தால் 5.8 டன். 45 பாகையில் 7.1 டன். 30 பாகையில் 10 டன். அதாவது இரண்டு கால் இருந்தும் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்குகிறது. 15 பாகைக்குத் தாழ்ந்தால் 19 டன்னுக்கு மேல்! ‘கயிறு இரண்டு இருக்கிறதே, பாதிப் பாதிதானே?’ என்னும் எண்ணம் எத்துணைக் கொடிய பிழை என்பது இதனால் விளங்கும். கயிறு குட்டையாக இருந்தால் கோணம் தாழும். ஆகவே நீளமான கயிறு வேண்டும் என்று கேட்பவன் சோம்பேறி அல்லன், கணக்கு அறிந்தவன். நான்கு கால் இருக்கும்போதும் சுமை நான்கிலும் சமமாகப் பரவும் என்று நம்புதல் கூடாது. விறைத்த பொருளாயின் இரண்டு கால்களே முழுதும் தாங்க நேரிடும்.

துணிவார்களின் நிறத்திலும் ஒரு மொழி உண்டு. ஐரோப்பியத் தரமுறைப்படி ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10 டன். இவை வாரை நேராகத் தொங்கவிட்டுத் தூக்கும் அளவுகள். சுருக்குப் போட்டுத் தூக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வலிமை குறையும். தகட்டின் கூரிய விளிம்பு வாரைக் கத்திபோல் அறுக்கும். நடுவே காப்பு வைத்தல் வேண்டும். சங்கிலி குறித்த அளவைப்போல் 4 மடங்கிலும், கம்பிக்கயிறு 5 மடங்கிலும், துணிவார் 7 மடங்கிலும்தான் அறும்படி செய்யப்படுவது பொது வழக்கம். அந்த மிகுதி, தேய்மானத்துக்கும் அதிர்ச்சிக்கும் ஒதுக்கிய சேமிப்பு. கடன் வாங்கித் தூக்குவதற்கு அன்று. தூக்கும் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் சோதிக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. நாள்தோறும் சோதிக்க வேண்டியவை, அதனைக் கட்டுகிற கைகளும் கண்களும்.

இறக்கிய பின்

சுமை உயரத்தில் இருக்கும்போது எல்லாரும் அஞ்சுகின்றனர். தரையைத் தொட்டதும் அச்சம் நீங்கிவிடுகிறது. அச்சம் நீங்கிய இடத்தில்தான் பல உயிர்கள் போகின்றன. செங்குத்தாக நிறுத்திய உத்தரம், இரண்டொரு புள்ளிப் பற்றவைப்பில் நிற்கும் தகடு, சுவரில் சாய்த்த தகட்டடுக்கு, ஆப்பு வைக்காத குழாய்க் குவியல் ஆகிய யாவும் நிற்பதுபோல் தோன்றும் சுமைகளே. 2004இல் ஃபியூஷனோபொலிஸில் சரிந்ததும், கொக்கியில் தொங்கிய சுமை அன்று. நின்றுகொண்டிருந்த கம்பிக் கூண்டு.

ஆகவே முட்டுக் கொடுத்து, ஆப்பு வைத்து, கட்டி முடித்து, தள்ளினாலும் சாயாது என்று உறுதி செய்த பின்னரே கொக்கியைக் கழற்றுதல் வேண்டும். லோரியில் ஏற்றிய இரும்பைக் கட்டவிழ்க்கும்போதும் இவ்வாறே. சாலையின் குலுக்கலில் நகர்ந்த சுமை, சங்கிலியின்மேல் சாய்ந்து காத்திருக்கும். சங்கிலியைத் தளர்த்துபவன் அதன் எதிரே நின்றால் தப்ப வழி இல்லை.

சொல்லின் வலி

இத்தனை கணக்கையும் ஒருவரே செய்வதில்லை. பாரந்தூக்கி இயக்கம் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தூக்கும் பணிக்கு எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். மேற்பார்வையாளர், ‘ரிக்கர்’ எனப்படும் சுமை கட்டுபவர், ‘சிக்னல்மேன்’ எனப்படும் சைகை காட்டுபவர், இயக்குபவர் என்று பொறுப்புகள் பிரிந்திருக்க வேண்டும். இந்நால்வரும் ஒரு மொழியினராக இருப்பது அரிது. இயக்குபவர் சீனராக இருக்கலாம், கட்டுபவர் தமிழர், மேற்பார்வையாளர் வங்காளர்.

நம் தலையாட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் தலையை அசைத்து நாம் ‘சரி’ என்கிறோம். பிறர்க்கு அது ‘வேண்டா’ என்பதுபோல் தோன்றும். இரும்பு தொங்கும் இடத்தில் இக்குழப்பத்துக்கு இடம் உண்டா? இதனால்தான் கைச்சைகைகள் வகுக்கப்பட்டன. சுட்டுவிரலை மேல்நோக்கிச் சுழற்றினால் உயர்த்து. கீழ்நோக்கிச் சுழற்றினால் தாழ்த்து. சைகை காட்டுபவர் ஒருவரே. ஆனால் ‘நிறுத்து’ என்பதை எவரும் காட்டலாம். எவர் காட்டினும் நிறுத்துதல் வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் கம்பியில்லாக் கருவியில் பேசிக்கொண்டே இருப்பர். குரல் நின்றால் பாரமும் நிற்கும். பல மொழியினர்க்குப் பொதுச் சொல் வேண்டும் என்பதைப் பழைய மாலுமிகளும் உணர்ந்திருந்தனர். இந்தியத் துறைமுகங்களில் பாரத்தை இறக்க ‘ஆரியா’ என்று கூவும் வழக்கம், இறக்கு எனப் பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது.

இனி, நம் பங்கு என்ன? தமிழ் இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ‘அபாயம்’ என்னும் சொல்லைப் பணியிடப் பலகைகளில் காண்கிறோம். பாதுகாப்பு வகுப்புகள் தமிழிலும் நடக்கின்றன. ஆனால் அகராதியை மட்டும் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பவர் எங்கே சென்று சேர்வார்? ‘ஸ்லிங்’ என்பதற்கு அகராதி கவண் என்று சொல்லும். ‘ஷேக்கிள்’ என்பதற்குக் கைவிலங்கு என்று காட்டும். ‘கிரேன்’ கொக்காகவே பறந்துவிடும். கருவியில் பொறித்துள்ள எஸ்.டபிள்யூ.எல். என்னும் எழுத்துகளை விரித்துப் ‘பாதுகாப்பான பணிச்சுமை’ என்று பெயர்த்தால், படிப்பவன் தன் வேலை மிகுதியைப் பற்றிய ஏதோ அறிவிப்பு என்று எண்ணிக் கடந்து செல்வான். ‘இதற்கு மேல் தூக்காதே: 2 டன்’ என்று எழுதினால் எழுதப் படிக்கத் தெரிந்த எவனுக்கும் விளங்கும். அது தமிழ் இல்லையா?

தனித்தமிழ் வேண்டாமென்று சொல்லவில்லை. பாரந்தூக்கி என்பது அழகிய சொல். அச்சொல்லே தன் பணியைச் சொல்கிறது. ஆனால் ஆபத்து வரும் கணத்தில் ஊழியன் வாயில் எழும் சொல் ‘கிரேன்’. ஆகவே அறிவிப்பிலும் பாடத்திலும் இரண்டையும் அருகருகே வைப்போம். புதுச்சொல்லைப் பழக்குவதற்குப் பள்ளி இருக்கிறது. பட்டறையில் முதல் தேவை உயிர். கலைச்சொல் ஆக்குவோர் அதனை வெளியிடுமுன், அக்கருவியைக் கையாளும் ஒருவனிடம் படித்துக் காட்டி, ‘என்ன புரிந்தது?’ என்று கேட்டல் வேண்டும். அவன் சொல்லும் விடையே அச்சொல்லுக்கு உரைகல்.

விளங்காததைக் கேட்கவும் துணிவு வேண்டும். முகவருக்குக் கொடுக்கக் கடன் வாங்கிக் கடல் கடந்தவன், ‘எனக்குப் புரியவில்லை’ என்று மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயங்குகிறான். வேலை போய்விடுமோ என்னும் அச்சம் அவன் வாயை அடைக்கிறது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்பவர், கயிற்றின் கோணத்தைப் பாராமல் தூக்குபவரை ஒத்தவர். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எவரும் தலையாட்டுவர். ‘நீ எப்படிச் செய்வாய், சொல்’ என்று கேட்பதே சரியான கேள்வி. வகுப்பறையில் இதனை நாள்தோறும் செய்து பழகியவர்கள் நம் ஆசிரியர்கள்.

ஆகவே தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறன்று தேக்காவில் ஓர் இளைஞரைச் சந்தித்தால், அவருடைய பட்டறையில் எதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள், குறித்து வையுங்கள். தகட்டின் எடைக்கான பெருக்கலையும் வாளி தூக்கும் உவமையையும் சொல்லிக் கொடுங்கள். மறுவாரம் அவர் வந்து, ‘நீளமான வாரைக் கேட்டு வாங்கினேன், சார்’ என்று சொல்வாரானால், அன்று நாம் கற்பித்த தமிழ் ஒரு பாரத்தைத் தாங்கிவிட்டது என்று மகிழலாம்.